நீலகிரியில் உங்கள் வீட்டை இணைய வரைபடத்தில் கண்டுபிடிப்பது, ஊர்ப்பெயரின் வேரைத் தேடுவது: முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ துபாயிலோ உட்கார்ந்துகொண்டு கூகுள் மேப்பில் நீலகிரி ஊர்ப்பெயர்களைத் தேடுங்கள். வெலிங்டன் என்று தட்டிப் பாருங்கள். நியூசிலாந்தில் கொண்டுபோய் விடும். சேரிங் கிராஸ் என்றால் லண்டன். கூடலூர் என்றால் தேனி மாவட்டத்துக் கூடலூரும் போட்டிக்கு வரும். கோடநாடு என்று தேடினால் கேரளத்தில் யானை முகாம் இருக்கிற கோடநாட்டைக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. எமரால்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். நகைக்கடை, அபார்ட்மென்ட், கல்யாண மண்டபம் என்று உலகம் முழுக்க எமரால்டுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நீலகிரியில் ஒரே வீட்டுக்கு நாலு ஊர்ப்பெயர் இருக்கும். பட்டாவில் வருவாய் கிராமத்தின் பெயர், தபாலில் அஞ்சலகத்தின் பெயர், பேச்சில் ஹட்டி (படகர் ஊர்) அல்லது எஸ்டேட் டிவிஷன், பஸ் டிக்கெட்டில் ஸ்டாப்பின் பெயர். இந்த நாலில் ஏதோ ஒன்றுதான் வரைபடத்துக்குத் தெரியும், அதுவும் தப்பான எழுத்துக்கூட்டலில். அதனால் இந்த மலையில் பெயரை வைத்து இடத்தைத் தேடக் கூடாது. இடத்தை முதலில் எண்களாகப் பிடித்துக்கொண்டு, பெயர்களை அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கீழே சொல்வது எல்லாம் அந்த வரிசையில்தான்.

வீட்டில் இருப்பவர்கள்: எண்களை எடுப்பது

போனோடு முற்றத்துக்கு வாருங்கள். ஜன்னலோரம் போதாது. ஜி.பி.எஸ். சரியாக வேலை செய்யக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வேண்டும். ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் சில்வர் ஓக் வரிசை என்று வானம் பாதி மறைந்த இடத்தில் அந்த நான்கு சீக்கிரம் கிடைக்காது. மேப்பைத் திறந்ததும் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் தெரியும். அது சுருங்கும்வரை ஓரிரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்பு ஊசி இறங்கும். அதன் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும், முதலாவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை.

நீலகிரிக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. முதல் எண் 11 என்றும் இரண்டாவது 76 என்றும் தொடங்க வேண்டும். உதகை ஏறக்குறைய 11.41, 76.70, குன்னூர் 11.35, 76.80, கோத்தகிரி 11.42, 76.86. எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் ஊசி ஆர்க்டிக் கடலில் போய்க் குத்தும்.

புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கமாவது எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது இலக்கம் ஒன்று மாறினால் இடம் சுமார் 110 மீட்டர் நகரும், நான்காவது மாறினால் 11 மீட்டர். சமவெளியில் 110 மீட்டர் என்பது அடுத்த தெரு. இங்கே அது மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம், வண்டியில் சுற்றி வர மூன்று கிலோமீட்டர்கூட ஆகலாம்.

இதனால்தான் ஒன்றுக்கு இரண்டு ஊசி குத்தச் சொல்வேன். ஒன்று வாசற்படியில், இன்னொன்று வண்டி கடைசியாக நிற்கக்கூடிய இடத்தில். மேப் எப்போதும் வீட்டுக்கு நேர்கோட்டில் அருகே உள்ள சாலைக்குத்தான் வழி சொல்லும். அது உங்கள் வீட்டுக்குக் கீழே ஐம்பது படி தள்ளி ஓடுகிற சாலையாக இருந்தால் கேஸ் சிலிண்டர்காரர் அங்கே நின்று போன் செய்வார். சிலிண்டர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், 108 ஆம்புலன்ஸ் என்றால் முடியாது. அதனால் வண்டி நிற்கும் ஊசியை வீட்டிலுள்ள எல்லோர் போனிலும் பெயர் கொடுத்துச் சேமித்து வையுங்கள். அந்த வட்டாரத்தை ஆஃப்லைன் மேப்பாகவும் இறக்கிவிடுங்கள். கல்லட்டி, முதுமலை, கிண்ணக்கொரை பக்கமெல்லாம் டவர் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

வெளியூரில் இருப்பவர்கள்: கூரையைப் படித்துத் தேடுவது

பிழைப்புக்காக மலை இறங்கியவர்கள் பிறந்த வீட்டைத் தேடும்போது எண்கள் கையில் இருக்காது. சாட்டிலைட் படம்தான் கதி. தேயிலைக்குள் நேராகப் போய்த் தேடினால் தொலைந்துபோவீர்கள். மேலிருந்து பார்த்தால் தேயிலை வரிசைகள் மலையின் மட்டத்தை ஒட்டி வளைந்து கைரேகை மாதிரி இருக்கும், எல்லாத் தோட்டமும் ஒன்றுபோலவே தெரியும். மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டும். மலை ரயில் பாதை நல்ல கயிறு: கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஃபெர்ன்ஹில், உதகை என்று வரிசையாக ஸ்டேஷன்களைப் பிடித்து ஏறலாம். மேற்கே என்றால் எமரால்டு, அவலாஞ்சி, பைக்காரா அணைகளின் நீர்ப்பரப்பு.

அங்கிருந்து கூரைகளைப் படியுங்கள். பெரிய சதுரக் கூரை, முன்னால் லாரி திரும்பும் களம், ஓரத்தில் விறகு அடுக்கு இருந்தால் தேயிலை ஃபேக்டரி. தேயிலைக்கு நடுவே தனியாக, நீளமாக ஒரே கூரை ஓடினால் அது தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு. ஹட்டி வேறு மாதிரி இருக்கும்: ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் சரிவின் மட்டத்தில் நீண்ட வரிசையாக, அதற்குக் கீழே இன்னொரு வரிசை, பக்கத்திலேயே கோவிலும் கொஞ்சம் வெட்டவெளியும். ஃபேக்டரியைப் பிடித்துவிட்டால் கொழுந்து வண்டி வந்த பாதையிலேயே பின்னோக்கிப் போய் உங்கள் லைனை எட்டிவிடலாம்.

படத்தில் மேகம் மூடியிருந்தால் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய படங்களைக் காட்டும் வசதிக்குப் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். லைன் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் ரிசார்ட் வந்துவிட்டது என்றாலும் பழைய படத்தில் கூரை அப்படியே இருக்க வாய்ப்புண்டு. இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் சாய்வாகப் படமெடுப்பதால் செங்குத்தான சரிவில் உள்ள கட்டடங்கள் உண்மையான இடத்தைவிடச் சில மீட்டர் தள்ளி விழும். போன் காட்டும் புள்ளி உங்கள் கூரையில் விழாமல் பக்கத்துக் கூரையில் விழுந்தால், அக்கம்பக்கத்து வீடுகளும் அதே திசையில் நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே நகர்ந்திருந்தால் பிழை படத்தில்தான்.

முகவரிக்குப் பதில் குறியீடு

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. உதகை 643001, குன்னூர் 643101, கோத்தகிரி 643217. தேடும்போது ஊர்ப்பெயரோடு பின்கோடையும் சேர்த்தால் நியூசிலாந்துப் பயணம் மிச்சம். ஆனால் ஒரு பின்கோடுக்குள் பல மலைகள் அடங்கும், வீட்டைக் காட்ட அது உதவாது.

வீட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. கூகுள் மேப்பில் ஊசி குத்தியதும் எழுத்தும் எண்ணும் கலந்து வருகிற பிளஸ் கோடு ஒன்று. பத்து எழுத்துக் குறியீடு ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். இன்னொன்று அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின். இந்தியா முழுவதையும் சுமார் 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. லைன் வீடுகளுக்கு டிஜிபின்தான் சரி. 14 மீட்டர் சதுரத்தில் ஒரே வரிசையின் மூன்று குடும்பம் அடங்கிவிடும். கூரியர்காரருக்கு இன்னும் பிளஸ் கோடுதான் பழக்கம் என்பதால் இரண்டையும் எழுதி வைப்பது நல்லது.

பட்டாவோடு ஒத்துப் பார்ப்பது

சொந்த நிலம் என்றால் இதைச் செய்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா, அ-பதிவேடு விவரம், புலப்படம் எல்லாம் கிடைக்கும். கிராமப் பட்டியலில் உங்கள் ஹட்டியின் பெயர் இல்லையே என்று பதற வேண்டாம். ஒரு வருவாய் கிராமத்துக்குள் பல ஹட்டிகளும் எஸ்டேட்டுகளும் அடங்கும். வரிரசீதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் அந்தப் பட்டியலில் இருக்கும். புலப்படத்தில் உள்ள எல்லைகளின் வடிவத்தைச் சாட்டிலைட் படத்தில் தெரிகிற வரப்பு, ஓடை, பாதையோடு ஒப்பிடுங்கள். அப்படியே பொருந்தும் என்று நினைக்காதீர்கள், அடையாளம் காணப் போதுமானது. எல்லைத் தகராறுக்கு சர்வேயர்தான் வர வேண்டும், மேப்பை நீட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் நிலைமை வேறு. ஜன்மம் நிலங்களை, அதாவது ஜன்மிகளின் பரம்பரை நில உடைமையை, ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தும் பெரும் பகுதி இன்னும் அந்தச் சட்டத்தின் பிரிவு 17 நிலமாகவே, உரிமை முடிவாகாமல் கிடக்கிறது. தலைமுறையாகக் குடியிருந்தாலும் பட்டா இல்லை, அதனால் பட்டா எண்ணை வைத்துத் தேட வழியில்லை. சர்வே எண் தெரிந்தால் அதை வைத்துத் தேடிப் பாருங்கள். இல்லாதவர்களுக்கு முதலில் எடுத்த அந்த இரண்டு எண்கள்தான் கைமுதல்.

பெயரின் வேர்: காதை நம்பாதீர்கள்

இடம் கிடைத்துவிட்டது, இனி பெயர். தமிழ்க் காதுக்கு எல்லாப் பெயரும் தமிழாகவே கேட்கும், இங்கே சறுக்குவது அதனால்தான். நீலகிரியின் ஊர்ப்பெயர்களைத் தோடர்கள், கோத்தர்கள், குறும்பர், இருளர், பணியர், படகர், மலையாளிகள், வெள்ளைக்காரர்கள், அப்புறம் நாம் என்று பலர் வைத்திருக்கிறார்கள். எனவே பொருள் தேடும் முன் எந்த மொழிக்காரர் வைத்த பெயர் என்று பாருங்கள். பெயரின் வாலைப் பிடித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

ஹட்டி என்றால் படகர் ஊர். தமிழில் எழுதும்போது ஹகரம் விழுங்கப்பட்டுத் தும்மனட்டி, அதிகரட்டி என்று ஆகிவிடும். பெட்டா என்றால் மலை: தொட்டபெட்டா, பெரிய மலை, 2,637 மீட்டர். மந்து என்றால் தோடர் குடியிருப்பு, அதைத்தான் ஆங்கில வரைபடங்களில் மண்ட் என்று பார்க்கிறோம். கூடலூர் பக்கம் போனால் வாலே மாறிவிடும்: புத்தூர்வயலில் வயல், அய்யன்கொல்லியில் கொல்லி. எஸ்டேட் லைனையே அங்கே பாடி என்பார்கள்.

குன்னூர் பக்கத்து உலிக்கல்லைப் பாருங்கள். தமிழனுக்கு இது உளியைப் போலக் கேட்கும். விழுங்கிய ஹகரத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஹுலிக்கல். ஹுலி என்றால் புலி. புலிக்கல்! பக்கத்துக் கோட்டை மலையை ஹுலிக்கல் துர்க்கம் என்றே இன்றும் சொல்கிறார்கள்.

கோத்தகிரியில் கிரி என்று இருப்பதால் மலை என்று முடிவுகட்டிவிடுகிறோம். மலைமேல் இருக்கிற ஊருக்கு மலை என்று பெயர் வைப்பானேன்? அது கோத்த கேரி, கோத்தர்களின் தெரு என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கோத்தர் குடியிருப்பு இன்றும் அங்கே இருக்கிறது. கேரி என்ற கன்னடச் சொல்லைச் சமஸ்கிருதக் காது கிரியாக்கிவிட்டது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஓவேலி. கூடலூரை ஒட்டிய பேரூராட்சி. யானை வராமல் போட்ட வேலி, ஓரத்து வேலி என்று ஆளுக்கொரு கதை சொல்லலாம். அது ஆக்டர்லோனி வேலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நீலகிரியை அளந்த அதிகாரி ஜான் ஆக்டர்லோனி, அங்கே காப்பித் தோட்டம் போட்டவர் அவருடைய சகோதரர் ஜேம்ஸ். பள்ளத்தாக்குக்கான ஆங்கிலச் சொல்தான் வேலி. நீளமான குடும்பப் பெயர் தேய்ந்து ஓ மட்டும் மிஞ்சியது. அவலாஞ்சியும் இப்படித்தான், அங்கே நடந்த பெரிய மண்சரிவைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த ஆங்கிலச் சொல், கேட்டால் ஏதோ மலைத்தெய்வத்தின் பெயர் போல இருக்கிறது. வெலிங்டன் முன்னே ஜக்கதலாவாக இருந்தது, ராணுவக் குடியிருப்பு வந்தபின் பெயர் மாறியது. பழைய பெயர் அழியவில்லை, பக்கத்தில் ஜெகதளா பேரூராட்சியாக நிற்கிறது. உதகையில் பிங்கர்போஸ்ட், குந்தா பக்கம் கைகாட்டி: இரண்டும் சாலைச் சந்திப்பில் நின்ற வழிகாட்டி மரம்தான்.

உதகைக்கு ஒரு சோதனை

வேரைத் தேடும்போது விளக்கத்தை ஆண்டோடு மோதவிட வேண்டும். உதகமண்டலம் என்ற பெயருக்கு, உதகம் என்றால் தண்ணீர், ஏரி இருப்பதால் வந்த பெயர் என்று பலர் சொல்வார்கள். அந்த ஏரியை வெட்டியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், வேலை தொடங்கியது 1823 வாக்கில். ஆனால் 1821இலேயே மெட்ராஸ் கெசட்டுக்கு வந்த ஒரு கடிதத்தில் இந்த ஊர் வொட்டோக்கிமண்ட் என்று வருகிறது. ஏரிக்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது, கடைசியில் மண்டலம் இல்லை, மந்து இருக்கிறது. ஆகவே இது தோடர் மந்து ஒன்றின் பெயர். ஒற்றைக்கல் மந்து என்ற விளக்கம் பிரபலமானது. முதல் பாதி எப்படியிருந்தாலும் பின்பாதியில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள் ஊருக்கும் இதையே செய்யலாம். ஒரு தாளில் இன்றைய தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல்கள், ஊர்ப் பெரியவர்கள் உச்சரிக்கும் விதம் மூன்றையும் எழுதுங்கள். உச்சரிப்பைப் போனில் பதிவு செய்வது இன்னும் நல்லது. பிறகு பழைய வடிவத்தைத் தேடிப் போங்கள். 1821இல் கேப்டன் வார்ட் எழுதிய அளவைக் குறிப்பு, அதைப் பின்னிணைப்பாகச் சேர்த்து 1880இல் கிரிக் தொகுத்த மாவட்டக் கையேடு, 1908இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் ஆகியவை ஸ்கேன் வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடத் தாள்களும் உதவும். பழைய எண் வரிசையில் உதகை 58 ஏ/11, குன்னூரும் கோத்தகிரியும் 58 ஏ/15. வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டல் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் காதில் விழுந்ததை எழுதினார்கள், இலக்கணம் பார்த்துத் திருத்தவில்லை. அந்தக் கோணல்தான் நமக்கு வேண்டும்.

கடைசியில் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கல் என்று முடிந்தால் பாறை இருக்கிறதா, ஆறு என்று முடிந்தால் ஓடை ஓடுகிறதா. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையமும், கோத்தகிரி கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவில் உள்ள காட்சியகமும் போய்வரத் தகுந்தவை. படகர் பெயர் என்றால் எந்தச் சீமை, அதாவது படகர்களின் எந்த வட்டாரம், என்று கேளுங்கள். தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தே என்று நாலு சீமைக்கும் ஊர்க்கதைகள் தனி.

கண்டதை வரைபடத்தில் ஏற்றுவது

கூகுள் மேப்பில் தப்பான ஊர்ப்பெயரைத் தொட்டுத் திருத்தம் பரிந்துரைக்கலாம். பரிசீலனைக்குப் போய் நிலுவையில் கிடக்கும், சில சமயம் காரணம் சொல்லாமலே நிராகரிக்கப்படும். பெயர்ப்பலகை தெரிகிற புகைப்படத்தைச் சேர்த்து அனுப்பினால் வாய்ப்பு கூடும். வீட்டைப் பொது இடமாக ஏற்றாதீர்கள், உங்கள் கணக்கில் வீடு என்று குறித்துக்கொண்டால் போதும்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நாமே திருத்தலாம், சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 2004இல் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதால் மற்றவர் உங்கள் திருத்தத்தை மாற்றவும் முடியும். நம் மலைக்கு இதுதான் ஏற்றது, காரணம் ஒரே ஊருக்குப் பல பெயர் கொடுக்க இடம் இருக்கிறது. முதன்மைப் பெயர், தமிழ்ப் பெயர், மாற்றுப்பெயர், பழைய பெயர் என்று தனித்தனிப் பெட்டிகள் உண்டு. படகம், தோடா, கோத்தா மொழிகளுக்குத் தனிக் குறியீடுகளும் இருக்கின்றன. தும்மனட்டியைத் தமிழ்ப் பெட்டியில் வைத்து ஹகரத்தோடு கூடிய வடிவத்தைப் படகப் பெட்டியில் வைக்கலாம், இரண்டுக்கும் சண்டை வராது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அரசு மாற்றி அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கும். ஒரு பெயருக்கு ஒரே எழுத்து என்று கட்டாயப்படுத்தும்போதுதான் அப்படி மாட்டிக்கொள்கிறோம்.

ஊர்ப்பெயர் முடிந்ததும் ஒற்றையடிப் பாதைகளையும் படிக்கட்டுகளையும் வரைந்துவிடுங்கள். லைனுக்கும் ரோட்டுக்கும் நடுவே தேயிலைக்குள் இறங்குகிற படிகளை எந்த நிறுவனத்தின் காரும் வந்து படமெடுக்கப் போவதில்லை. தோடர் மந்துகளையும் அவர்களுடைய கோவில்களையும் குறிக்கும் முன் மட்டும் அங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களுக்கு வெளியாள் போகக் கூடாது என்பது அவர்கள் முறை. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, சாலையில் உள்ள பஸ் ஸ்டாப்பை மட்டும் குறித்தால் போதும்.